வெள்ளையம்மாவுக்குச் சேர வேண்டிய நோட்டீஸ்

நாராயணப்பனின் உடலைப் பார்க்கப் போனபோது முனீர் அகமதுவின் கண்ணில் முதலில் பட்டவை காதுகள்தான். இரண்டு மடலிலும் பஞ்சைச் சுருட்டி ஒட்டியிருந்தார்கள். பஞ்சின் ஓரத்தில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. வாலிபத்திலிருந்து அவர் காதில் கிடந்த சிவப்புக்கல் கடுக்கன்களைக் காணவில்லை. உயிர் போன சூட்டோடு மகன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாகக் கழற்றியிருக்கிறார்கள். திருகு இறுகிப் போயிருந்ததால் வரவில்லை. இழுத்த இழுப்பில் மடல் கிழிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர் இதைக் காதோடு சொன்னார். முனீர் மாலையை வைத்துவிட்டுச் சீக்கிரமாக வெளியே வந்தார்.

முனீர் அகமது ஓசூரில் புளி மண்டி வைத்திருந்தவர். உத்தனப்பள்ளியைச் சுற்றியிருந்த ஊர்களில் மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஆள் விட்டு உலுக்கி, புளியைப் பெங்களூருக்கு அனுப்புவார். அப்படித்தான் நாராயணப்பன் பழக்கமானார். ஊருக்கு மணியக்காரராக இருந்தவர். சர்க்கார் அந்தப் பதவிகளை எடுத்துவிட்ட பிறகும் ஊரார் அவரை மணியக்காரர் என்றுதான் அழைத்தார்கள். முனீர் போனால் கூடத்தில் தன் பக்கத்திலேயே இலை போடச் சொல்வார். துலுக்கர், அந்நியர் என்று ஒரு நாளும் வித்தியாசம் காட்டியதில்லை. அதற்காகவே அவர்மேல் முனீருக்குத் தனி மரியாதை.

கடைசி இரண்டு வருஷம் மணியக்காரருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தன. உடம்புதான் கட்டிலோடு கிடந்தது. முதுகில் புண் வந்து, புண்ணில் புழு வைத்தது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிடுவாள். மகன் கங்கப்பன் எட்டிப் பார்ப்பதும் இல்லை. துணி மாற்றியதும், பீ மூத்திரம் அள்ளியதும், வேப்பிலைத் தண்ணீரில் புண்ணைக் கழுவிப் புழுவை ஒவ்வொன்றாக எடுத்ததும் வெள்ளையம்மாதான். அந்த வீட்டில் சிறு வயதிலிருந்து மாட்டுக் கொட்டாய் வேலை செய்தவள். காலனிக்காரி என்று அதுவரை வீட்டுக்குள் விட்டதில்லை. நாற்றம் தாங்க முடியாமல் போன பிறகு பின்வாசல் வழியாக உள்ளே விட்டார்கள். அவர் இறந்த அன்றைக்குப் பிணத்தின் பக்கத்தில் வரக் கூடாது என்று அவளை விரட்டியும் விட்டார்கள்.

முதுகில் புண் வந்து சில மாதம் கழித்து மணியக்காரர் உயில் எழுதி, ரிஜிஸ்திராரை வீட்டுக்கே வரவழைத்துப் பதிவு செய்து, உறையில் போட்டு ஒட்டி அன்றைக்கே முனீரிடம் கொடுத்திருந்தார். நிறைவேற்ற வேண்டியவர் முனீர்தான். பிள்ளைகளை நம்ப முடியாது பாய், நீங்கதான் நெஞ்சு சுத்தமானவர் என்று அப்போது சொன்னார். பதினோராம் நாள் காரியம் முடிந்ததும் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து முனீர் உறையைப் பிரித்தார்.

வீடும் மாந்தோப்பும் மகனுக்கு. ஏரிக்கரை வயல் மகள் சாந்தம்மாவுக்கு. அடுத்த வரியை முனீர் நிறுத்திப் படித்தார். 'என்னை அண்டி ஊழியம் செய்துவரும் வெள்ளையம்மாளின் ஏழ்மையைக் கண்டு இரக்கப்பட்டு, கிணற்றுமேட்டு நிலம் இரண்டு ஏக்கரையும் கிணற்றையும் அவளுக்குத் தர்மமாக எழுதி வைக்கிறேன்.' எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டு முனீர் கண்ணைத் துடைத்தார்.

கங்கப்பன் எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்தான். கிணற்றுமேடு ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய நிலம். ஓசூரில் கம்பெனிகள் பெருகப் பெருக, தரகர்கள் அந்த ரோட்டில் மோட்டார் சைக்கிளில் அலையத் தொடங்கியிருந்த காலம் அது.

"கொட்டாயில சாணி அள்றவளுக்கு ரோட்டோர நிலமா? கெழவனுக்கு மூளை அழுகிப் போச்சு" என்றான். சுவரில் அப்பன் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை.

சாந்தம்மா அவ்வளவு கோபப்படவில்லை. சிரித்தாள். இரண்டு வருஷமாக வெள்ளையம்மா அந்த அறையில் என்ன செய்து கொடுத்தாள் என்பது ஊருக்கே தெரியும் என்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள். எழுந்து உட்கார முடியாத, முதுகில் புழு நெளிந்த மனிதனைப் பற்றி, அவருடைய மகளே அப்படிச் சொன்னாள். அந்தக் கூடத்தில் அதற்குமேல் உட்கார முனீருக்கு மனம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி செய்வேன் என்று சொல்லி, உயிலை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கிருஷ்ணகிரியில் சென்னப்பன் என்ற வக்கீலைப் பார்த்தார். இந்தப் பக்கத்துச் சொத்துக்குப் புரோபேட் என்ற கோர்ட் அத்தாட்சியை வாங்கியே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் பிள்ளைகள் எதிர்ப்பதால் உயில் உண்மைதான் என்று கோர்ட்டே சொல்லிவிடுவது நல்லது என்றார் வக்கீல். மனுப் போட்டால் பிள்ளைகளுக்கும், உயிலில் பெயர் உள்ள எல்லோருக்கும் நோட்டீஸ் போகும். ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம். அது முடிந்த பிறகுதான் விசாரணை.

மகனுக்கும் மகளுக்கும் நோட்டீஸ் உடனே சேர்ந்தது. வெள்ளையம்மாவுக்குப் போனது மட்டும் அவள் கையில் சேரவில்லை. மேற்படி நபர் ஊரில் இல்லை, வீட்டில் ஒட்டப்பட்டது என்று அதைக் கொண்டு போன கோர்ட் அமீனா எழுதியிருந்தார். அவளுக்கு ஏது வீடு என்று முனீருக்குச் சந்தேகம் வந்தது. காலனியில் அவள் இருந்த குடிசை போன மழையிலேயே விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கொட்டாயிலேயே படுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். பஸ் ஏறி ஊருக்குப் போனார். டீக்கடையில் விசாரித்தபோது எல்லாம் வெளிவந்தது. வந்த அமீனாவைக் கங்கப்பன் வாசலிலேயே பிடித்துக்கொண்டு, கோழி அடித்துச் சாப்பாடு போட்டு, அவள் ஓடிப்போய்விட்டாள், இதுதான் அவள் இருந்த இடம் என்று கொட்டாயைக் காட்டியிருக்கிறான். அமீனா ஏப்பம் விட்டபடியே பசையைத் தடவி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

முனீர் கொட்டாய்க்குப் போய்ப் பார்த்தார். சுவரில் காகிதம் எதுவும் இல்லை. சுவர் முழுக்க வறட்டி தட்டியிருந்தது. ஒரு வறட்டிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு மூலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கையால் வறட்டியைப் பெயர்த்தார். உள்ளே இன்னும் ஈரம். சாணி நகக்கண்ணில் ஏறியது. கோர்ட் முத்திரை இருந்த காகிதம் பிசுபிசுவென்று வறட்டியோடு சேர்ந்து வந்தது. எழுத்தெல்லாம் பச்சையாக ஊறிப்போயிருந்தது.

கங்கப்பனின் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொல்லைக் கதவருகே நின்று பார்த்தாள். "அங்க ஏன் பாய் கை வெக்கறீங்க? அது இன்னும் காயல" என்றாள்.

அவள் முகத்தில் வெட்கத்தின் நிழல்கூட இல்லை. முனீர் கையைக் கழுவத் தண்ணீர் தேடித் திரும்பியபோது கொட்டாய்க் கூரையில் செருகியிருந்த அலுமினியத் தட்டையும் கொட்டாங்குச்சியையும் பார்த்தார். வெள்ளையம்மா சாப்பிட்ட தட்டு; அவள் தண்ணீர் குடித்த சிரட்டை. இத்தனை வருஷம் தாம் கூடத்தில் மணியக்காரர் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட்டபோதெல்லாம் அந்தத் தட்டு அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த வீட்டுத் தண்ணீரில் கை கழுவப் பிடிக்காமல், சாணிக் கையோடு நடந்து போய் ரோட்டோரக் குழாயில் கழுவினார்.

காலனிக்காரர்கள் அவள் ஓசூரில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கம்பெனிக் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாளாம். மறுநாள் மதியம் முனீர் போனார். கேன்டீனுக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர் தேங்கி நின்றது. பன்றிப் பண்ணைக்குப் போகும் எச்சில் டிரம்கள் வரிசையாக இருந்தன; சோறும் சாம்பாரும் மோரும் கலந்து வெயிலில் புளித்து நுரைத்துக் கிடந்தன. அந்த டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்து வெள்ளையம்மா எவர்சில்வர் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். விரலிடுக்குகள் ஊறி வெளுத்துப் போயிருந்தன.

கல்யாண வீட்டுக்குச் சீர் கொண்டு போகிறவரைப் போலத்தான் முனீர் போயிருந்தார். உட்கார இடமில்லாமல் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். மணியக்காரர் உன்னை மறக்கவில்லை அம்மா, பெரிய மனசு அவருக்கு என்றார். பையிலிருந்து நகலை எடுத்து அந்த வரியைப் படித்தும் காட்டினார். அவள் அழுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த எரக்கப்பட்டுன்னு வருதே, அத இன்னொரு வாட்டி படிங்க பாய்."

படித்தார்.

"தர்மமான்னா எழுதியிருக்காரு?"

ஆமாம் என்றார் முனீர். அவள் டிரம்மில் மொய்த்த ஈக்களைக் கையால் விரட்டினாள். பிறகு அவள் சொன்னது இதுதான்.

கிணற்றுமேடு அவளுடைய அப்பன் சம்பங்கியின் நிலம். அவர்களுடைய பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரச் சர்க்கார் கொடுத்தது. கிணறு சம்பங்கியும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்து தோண்டியது. ஒரு பஞ்சத்தின்போது சம்பங்கி கோலாருக்குத் தங்கச் சுரங்க வேலைக்குப் போனான். நிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பி வைத்ததே மணியக்காரர்தான். நெஞ்சில் கல்தூசி அடைத்து, இருமி இருமி ரத்தம் துப்பிக்கொண்டு சம்பங்கி திரும்பியபோது நிலம் மணியக்காரர் பெயரில் இருந்தது. ஊர்க் கணக்கெல்லாம் அவர் கையில். சர்வே நடந்தபோது நீ ஊரில் இல்லை, நான் என்ன செய்ய என்றாராம். சம்பங்கி கேட்டுக் கேட்டுப் பார்த்து, அந்தக் கிணற்று மேட்டிலேயே ஒரு நாள் இருமிக்கொண்டே செத்தான். சின்னப் பெண்ணாக இருந்த வெள்ளையம்மாவைப் பாவம் பார்த்து வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லி மணியக்காரர் கொட்டாயில் விட்டார்.

முனீர் தன் நண்பருக்காகப் பேசிப் பார்த்தார். கடைசிக் காலத்திலாவது மனசு மாறித் திருப்பிக் கொடுக்க நினைத்திருக்கலாம் இல்லையா என்றார்.

"திருப்பிக் குடுக்கறவங்க தர்மம்னு எழுதுவாங்களா பாய்?" என்றாள் அவள். அவள் குரல் உயரவில்லை. "புண்ணக் கழுவறப்ப ஒரு நாள் அழுதாரு. உனக்கு ஏதாச்சும் செய்யறேன்னாரு. எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம், அது யாரு நெலம்னு ஊருக்காரங்க முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடுங்கன்னேன். செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினாரு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. பீ அள்ளறதுக்கு மட்டும் கூப்பிடுவாரு."

இன்னொன்றையும் அவள் சாதாரணமாகச் சொன்னாள். அந்த மேட்டில் இருந்த புளியமரங்கள் அவள் தாத்தா வைத்தவை. வருஷா வருஷம் முனீர் குத்தகைக்கு எடுத்து உலுக்கியபோது, கீழே கூலிக்குப் பொறுக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

அன்றைக்கு வீட்டில் மனைவி ரோஷன் பீ ரசம் ஊற்றியபோது முனீர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். புளி வாசம் மூக்கில் ஏறியது. உடம்பு சரியில்லையா என்று அவள் கேட்டாள். இல்லை என்றார். நெஞ்சு சுத்தமானவர் என்று அந்த மனிதன் தம்மைச் சொன்ன நாள் ஞாபகத்துக்கு வந்தது. சுத்தமான ஆளாகப் பார்த்துத்தான் தன் அழுக்கைத் தூக்கக் கொடுத்திருக்கிறான் என்று தோன்றியது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பேசாமல் அந்தப் பொறுப்பை விட்டுவிடுங்களேன் என்றாள் ரோஷன் பீ. தாம் விட்டால் கங்கப்பனுக்குத்தான் கொண்டாட்டம், வெள்ளையம்மாவுக்கு அதுவும் இல்லாமல் போகும் என்றார் அவர்.

கோர்ட்டில் புதிதாக நோட்டீஸ் எடுத்து, அமீனாவைத் தம்மோடு கூட்டிப் போய், கேன்டீன் பின்வாசலில் வெள்ளையம்மாவின் கையிலேயே கொடுக்க வைத்தார். அவள் பெருவிரலை வைத்து வாங்கிக்கொண்டாள். செய்தி ஊருக்குப் போனதும் கங்கப்பனும் சாந்தம்மாவும் வாடகை அம்பாசடரில் ஓசூருக்கு வந்தார்கள். விசாரணைத் தேதியைச் சொல்ல முனீர் வெள்ளையம்மா குடியிருந்த லைன் வீட்டுக்குப் போன நேரத்தில் அவர்கள் உள்ளே இருந்தார்கள்.

பாயில் சாந்தம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆப்பிளும் மைசூர்பாகும், கவரோடு ஒரு பட்டுப்புடவையும். வாய்க்கு வாய் சின்னம்மா என்றாள். எங்களை எடுத்து வளர்த்தது நீதானே சின்னம்மா என்றாள். மைசூர்பாகைப் பிட்டு வெள்ளையம்மாவின் வாயருகே கொண்டு போனாள். கொண்டு போன கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அவள் உதட்டில் பட்டுவிடாதபடி மடங்கி ஒதுங்கியிருந்ததை முனீர் பார்த்தார். அவளுடைய இன்னொரு கையில் முந்தானை மூக்கை ஒட்டியே இருந்தது. வெள்ளையம்மா வாயைத் திறக்கவில்லை.

கங்கப்பன் விஷயத்துக்கு வந்தான். உயில் எழுதியபோது மணியக்காரருக்குச் சித்தம் கலங்கியிருந்தது, யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று அவள் கோர்ட்டில் சொன்னால் போதும். அரை ஏக்கர் கொடுப்பார்கள், ரோட்டிலிருந்து உள்தள்ளி. சொல்லாவிட்டால் அவளை வைப்பாட்டி என்று வக்கீல் கோர்ட்டில் கேட்பார்; நாலு பேர் சிரிப்பார்கள்; நமக்கு எதற்கு அந்த அசிங்கம் என்றான். முனீர் நிற்பதைப் பார்த்ததும் தெலுங்குக்கு மாறிக்கொண்டான், அவருக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்பதை மறந்தவனைப் போல.

வெள்ளையம்மா எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "எடுத்துக்கினு போங்க. பலகாரத்துக்கு எறும்பு வருது" என்றாள்.

சாந்தம்மா எழுந்தாள். காரில் ஏறும் முன் தெருக்குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மைசூர்பாகு ஒட்டியதற்காக அல்ல என்பது அந்தத் தெருவில் நின்ற எல்லோருக்கும் புரிந்தது. ஆப்பிளை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கோர்ட்டில் கங்கப்பனின் வக்கீல் சொன்னபடியே கேட்டார். இறந்தவருக்கும் உனக்கும் என்ன உறவு என்றார். கேட்கும்போதே பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அங்கே சிலர் சிரித்தார்கள். ஏற்கெனவே நூறு வாய்கள் மென்று துப்பிய எதையோ எடுத்துத் தம் வாயில் திணிப்பதைப் போல முனீருக்கு இருந்தது.

வெள்ளையம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு வருசம் அவரு பீய நான் அள்ளுனேன். புண்ணுல இருந்த புழுவ எடுத்தேன். அவரு பெத்தவங்க வாசப்படியில மூக்கப் பொத்திக்கினு நின்னாங்க. இதுக்கு என்ன உறவுன்னு பேருங்க? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. நீதிபதி தலையைத் தூக்கி, உனக்கு உயிலில் ஆட்சேபம் ஏதாவது உண்டா அம்மா என்று கேட்டார். உண்டு என்றாள். சென்னப்பன் வக்கீல் திடுக்கிட்டுப் போனார். நிலத்தில் ஆட்சேபம் இல்லை, தர்மம் என்ற வார்த்தையில்தான் ஆட்சேபம் என்று சொல்லி, அப்பன் கோலாருக்குப் போன கதையை அவள் சொன்னாள். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, இந்த உயில் உண்மையானதா என்பதைத்தான் இந்த வழக்கில் பார்க்க முடியும்; நிலம் ஆதியில் யாருடையது என்பதற்குத் தனியாக வழக்குப் போட வேண்டும்; இறந்தவர் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று விளக்கினார். அவள் தலையாட்டினாள்.

பிறகு உயிலை எழுதிய பத்திர எழுத்தர் திம்மராயன் வந்தார். மணியக்காரர் தெளிவாகச் சொல்லச் சொல்லத் தாம் எழுதியதாகச் சொன்னார். கொடுக்கிறேன் என்று மட்டும்தான் தாம் முதலில் எழுதியிருந்ததாகவும், மணியக்காரர் அதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டு, இரக்கப்பட்டு என்பதையும் தர்மமாக என்பதையும் சேர்க்கச் சொன்னதாகவும் சொன்னார். தமக்கு நல்ல ஞாபகம் என்றார். அதைச் சொன்ன பிறகு மணியக்காரர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாராம்.

அதைக் கேட்டபோது முனீரின் மனதில் மிச்சமிருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. திருப்பிக் கொடுக்கும்போதுகூடத் திருடினவன் என்ற பெயர் வராமல், கொடுத்தவன் என்ற பெயரையும் சேர்த்துச் சம்பாதிக்கப் பார்த்திருக்கிறான். முதுகில் புழு நெளிய, பீயில் படுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறான். 

கடைசியில் அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். உயில் எழுதிய அன்று இறந்தவர் நல்ல நினைவோடு இருந்தாரா என்று சென்னப்பன் கேட்டார். ஒரே ஒரு கேள்வி. இல்லை என்றால் கங்கப்பன் ஜெயித்துவிடுவான். ஆமாம் என்பது சத்தியமும்தான்.

"நல்ல நெனவோடதான் இருந்தாருங்க" என்றார் முனீர். "ஒவ்வொரு வார்த்தையும் தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு. பைத்தியம்னு சொல்லி அவர விட்டுடாதீங்க."

புரோபேட் கிடைத்தது. தீர்ப்பில் அந்த வரி அப்படியே இருந்தது. தர்மம் என்ற வார்த்தைக்குக் கீழே இப்போது கோர்ட்டின் முத்திரையும் விழுந்திருந்தது. இதை நீ எடுத்துக்கொள்வாயா அம்மா என்று முனீர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு இருந்தது. வெள்ளையம்மா அவரைப் புரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எங்கப்பன் நெலத்த நான் ஏன் வேணாம்னு சொல்றேன்? எழுத்துதான் நாறுது. மண்ணு என்னாங்க பண்ணுச்சு?"

நிலத்தை ஒப்படைக்கப் போன நாளில் நாற்றம் ரோட்டிலேயே வந்து மோதியது. கிணற்றுக்குள் கோழிக்கடைக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். ஓசூரிலிருந்து வண்டி வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும். குடலும் இறகும் தோலுமாக உப்பி, தண்ணீர் தெரியாமல் மிதந்தது. நடுவே செத்த நாய் ஒன்று. மேலே பச்சை ஈக்கள் மேகம்போல எழும்பி எழும்பி அடங்கின. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கங்கப்பன் மாந்தோப்பு வேலியோரத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

முனீர் வேலியோரத்தில் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து பார்த்தபோது காலனி ஆட்கள் கயிறும் கூடையும் கொண்டு வந்திருந்தார்கள். விஷக்காற்று இருக்கிறதா என்று லாந்தரை எரியவிட்டு இறக்கிப் பார்த்த பிறகுதான் இரண்டு பேர் உள்ளே இறங்கினார்கள். வெள்ளையம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே நின்று கூடைகளை வாங்கிக் கவிழ்த்தாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை. முனீரும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். நீங்க எதுக்கு பாய் என்றாள். அவர் அடுத்த கூடையை மேலே இழுத்தார். ஆயில் இன்ஜினை வாடகைக்கு எடுத்து வந்து நீரை இறைத்துக் கொட்டினார்கள். ஊறிய நீர் நாறியது, மறுபடியும் இறைத்தார்கள். அடுத்த நாளும் போனார்கள், அதற்கு அடுத்த நாளும். ரோஷன் பீ அவருடைய வேட்டிகளைத் துவைக்காமல் எரித்துவிட்டாள்.

கங்கப்பன் மெட்ராசுக்கு அப்பீல் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான், போகவில்லை. சாந்தம்மா தன் பங்கை ஒரு கிரானைட்காரனுக்கு விற்றாள். வெள்ளையம்மா கேன்டீனை விட்டுவிட்டு மேட்டில் குடிசை போட்டுக்கொண்டாள். தக்காளி வைத்தாள். ராயக்கோட்டைச் சந்தைக்குத் தலைச்சுமையாகவே கொண்டு போனாள். தனி வழக்குப் போடலாம் அம்மா, அப்பன் பெயரை எழுத்தில் கொண்டு வரலாம் என்று முனீர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். தக்காளிக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் இல்லை, கோர்ட்டுக்கு எப்படி வருவது என்று சொல்லிவிட்டாள். புளியமரங்களின் குத்தகையை முனீர் அவளிடமே கேட்டு எடுத்தார். விலையை அவள்தான் சொன்னாள், கறாராகத்தான் சொன்னாள்.

மணியக்காரரின் வருஷ திதிக்குக் கங்கப்பன் ஆள் அனுப்பினான். உயில் விவகாரம் வேறு, பழக்கம் வேறு, வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொல் என்றானாம். முனீர் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து, பஜாரில் துணிக்கடை வைத்திருந்த லால் பாஷா மண்டிக்கு வந்தார். ஹஜ்ஜுக்குப் போகும் முன் சொத்தையெல்லாம் ஒழுங்கு செய்து எழுதிவிட வேண்டும், நிறைவேற்ற முனீரைத் தவிர யாரை நம்புவது என்றார். நெஞ்சு சுத்தமான மனுஷன் நீங்க என்று ஆரம்பித்தார். முனீர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. எந்தெந்தச் சொத்து, யார்கிட்ட இருந்து, எப்படி வந்துச்சு? எல்லாத்தையும் சொல்லுங்க. கேட்டுட்டு நான் கையெழுத்துப் போடறேன்."

லால் பாஷா சிரிக்கப் பார்த்தார். முனீர் சிரிக்கவில்லை. பாஷா டீயைப் பாதி குடித்தார். கடையில் ஆள் காத்திருப்பதாகச் சொன்னார். மிச்ச டீயில் ஆடை படியும்படி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சோடு மண்டிப் பக்கம் வரவில்லை.